வீக்ஹேஷ்மேப், சாஃப்ட் ரெஃபரன்ஸ்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின் என் கருத்து

நினைவகம் நெருக்கடியானால் தானாகவே இடத்தை விட்டுக்கொடுக்கும் மேப் (கீ கொடுத்தால் அதற்குரிய வேல்யூவைத் தரும் அமைப்பு) என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? வேண்டியதையெல்லாம் போட்டு வைக்கலாம், அளவைப் பற்றி யோசிக்க வேண்டாம், மிச்சத்தை, தேவையற்ற ஆப்ஜெக்டுகளை நினைவகத்திலிருந்து நீக்கும் கார்பேஜ் கலெக்டர் (ஜிசி) பார்த்துக்கொள்ளும். ஜாவாவில் 1998-ல் வந்த ஜேடிகே 1.2 காலத்திலிருந்தே இதற்கு சாஃப்ட் ரெஃபரன்ஸ், வீக்ஹேஷ்மேப் என்ற வசதிகள் உண்டு. பல வருடங்களாக சர்வர் பக்க ஜாவாவில் இவற்றோடு புழங்கியிருக்கிறேன். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் உள்ள இவற்றின் சொந்தபந்தங்களையும் பயன்படுத்தியிருக்கிறேன். வேறொரு இடத்தில் வாழும் ஆப்ஜெக்டோடு கூடுதல் தகவலை ஒட்டி வைக்க இவை அருமையான கருவி. ஆனால் கேஷாக (மீண்டும் தேவைப்படுவதை எடுத்து வைக்கும் இடமாக) இவற்றை நம்பக் கூடாது என்பதில் நான் ரொம்ப உறுதியாக இருக்கிறேன்.

முதலில் சாஃப்ட் ரெஃபரன்ஸ். நினைவகம் போதாதபோது ஆப்ஜெக்டை விட்டுவிடும் மென்மையான பிடி இது. அவுட் ஆஃப் மெமரி பிழையை வீசுவதற்கு முன், சாஃப்ட் ரெஃபரன்ஸ் வழியாக மட்டுமே எட்டக்கூடிய எல்லா ஆப்ஜெக்டையும் ஜேவிஎம் (ஜாவா நிரலை இயக்கும் மென்பொருள்) விடுவித்துவிடும். இது உத்தரவாதம். அதற்கு முன்னால் எப்போது விடுவிக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பரவலாகப் பயன்படும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்மில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஹீப்பில் (ஆப்ஜெக்டுகள் வாழும் நினைவகப் பகுதி) காலியாக இருக்கும் ஒவ்வொரு எம்பிக்கும் 1000 மில்லிசெகண்ட் ஆயுள். சர்வர் ஜேவிஎம் அந்தக் காலி இடத்தை, நாம் கொடுத்த அதிகபட்ச ஹீப் அளவை வைத்துக் கணக்கிடுகிறது. 4 ஜிபி காலியாக இருந்தால், கடைசியாகத் தொட்ட பிறகும் ஒரு ஆப்ஜெக்ட் ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

நடைமுறையில் இதன் விளைவைப் பாருங்கள். நான் பராமரித்த ஒரு சர்வீஸில், பெரிய அறிக்கைகளை சாஃப்ட் ரெஃபரன்ஸில் கேஷ் செய்யும் பழைய கோட் இருந்தது. ஹீப் எவ்வளவு கொடுத்தாலும் அது மெல்ல நிரம்பும். நிரம்ப நிரம்ப கார்பேஜ் கலெக்டர் அடிக்கடி ஓடும், பதில் நேரம் இழுக்கும். கடைசியில் முழு ஜிசி ஒன்று வந்து மொத்த கேஷையும் ஒரே மூச்சில் காலி செய்துவிடும். அடுத்த நொடி எல்லா கோரிக்கையும் டேட்டாபேஸ் தலையில் விழும். கேஷ் எதற்காக வைத்தோமோ அதற்கு நேர் எதிரான வேலை இது. எந்தப் பதிவு அடிக்கடி தேவைப்படுகிறது, எதைத் திரும்ப உருவாக்க அதிக செலவாகும் என்பதெல்லாம் கார்பேஜ் கலெக்டருக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை.

அந்த இடத்தில் இப்போது காஃபீன் என்ற கேஷ் லைப்ரரி இருக்கிறது. அதிகபட்ச எடை ஒன்று, கடைசியாகத் தொட்டதிலிருந்து காலாவதி நேரம் ஒன்று, அவ்வளவுதான் அமைப்பு. எதை வெளியே தள்ளுவது என்பதை அது விண்டோ டைனிஎல்எஃப்யூ முறைப்படி, எவ்வளவு அடிக்கடி பயன்படுகிறது என்று பார்த்து முடிவு செய்கிறது. ஹீப் வரைபடம் அன்றிலிருந்து சீராகிவிட்டது. கூகுளின் குவாவா லைப்ரரியின் ஆவணமும் சாஃப்ட் வேல்யூவை விட அளவு வரம்பே நல்லது என்றுதான் பரிந்துரைக்கிறது. ஆண்ட்ராய்டின் ஆவணமும் கேஷுக்கு சாஃப்ட் ரெஃபரன்ஸைத் தவிர்க்கச் சொல்லி, வெகுநேரம் தொடாததை முதலில் வெளியே தள்ளும் எல்ஆர்யூ கேஷைக் காட்டுகிறது. இவர்கள் சொல்வதைத் தயங்காமல் கேட்கலாம்.

சரி, வீக்ஹேஷ்மேப்புக்கு வருவோம். கீயை வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால் அந்தப் பதிவைத் தானாகவே விட்டுவிடும் மேப் இது. இதன் மேல் எனக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. நம்முடையது அல்லாத ஒரு கிளாஸின் ஆப்ஜெக்டுக்குக் கூடுதல் தகவல் சேர்க்க வேண்டும், புதிய ஃபீல்ட் போட முடியாது, அந்த ஆப்ஜெக்ட் எப்போது போகும் என்பதும் நமக்குத் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் இதை மிஞ்ச ஆள் இல்லை. கனெக்ஷன் ஆப்ஜெக்டுக்கு அளவீட்டுத் தகவல், ப்ளகின்களின் கிளாஸ்லோடருக்குச் சொந்தமான சிறு அமைப்புகள் என்று நான் பயன்படுத்திய இடங்களில், நிபந்தனைகள் சரியாக இருந்தவரை, இது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வேலை செய்திருக்கிறது.

அந்த நிபந்தனைகளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இதில் கீ மட்டும்தான் வீக் ரெஃபரன்ஸ், அதாவது ஜிசியைத் தடுக்காத பிடி. வேல்யூ வலுவான ரெஃபரன்ஸ். வேல்யூவிலிருந்து எந்தச் சுற்று வழியிலாவது கீயை எட்ட முடிந்தால் அந்தப் பதிவு ஒருநாளும் போகாது. மேப் வேல்யூவைப் பிடித்திருக்கும், வேல்யூ கீயைப் பிடித்திருக்கும், பிறகு எப்படி விடுபடும்? சுற்றியுள்ள ஆப்ஜெக்டைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும் ஒரு லாம்ப்டாவையோ இன்னர் கிளாஸையோ வேல்யூவாக வைக்கும்போது இது கண்ணுக்கே தெரியாமல் நடக்கும். வேல்யூவையும் வீக் ரெஃபரன்ஸில் சுற்றி வைப்பது ஒரு வழி என்று ஜாவா ஆவணம் சொல்கிறது. அப்படிச் செய்தால், வேல்யூவை வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால் அது கீக்கு முன்பே போய்விடும். அதனால் பெரும்பாலான இடங்களில் அது உதவாது. கீ தேவைப்படாத மாதிரி வேல்யூவை வடிவமைப்பதே எனக்குப் பிடித்த தீர்வு.

அடுத்தது, கீயாக எதை வைக்கிறோம் என்பது. வீக்ஹேஷ்மேப் ஈக்வல்ஸ் மெத்தடை (இரண்டும் சமமா என்று சொல்வது) வைத்துத்தான் கீகளை ஒப்பிடுகிறது. ஆனால் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது அந்த ஒரு குறிப்பிட்ட ஆப்ஜெக்டை. இந்த இரண்டும் ஒத்துப்போகாத கீகள் நிறைய. இன்டிஜரை எடுத்துக்கொள்ளுங்கள். -128 முதல் 127 வரையான எண்களின் பெட்டி ஆப்ஜெக்டுகளை ஜாவாவே எப்போதும் கேஷில் வைத்திருக்கிறது. அதனால் கீ 100 என்றால் பதிவு போகவே போகாது. கீ 1000 என்றால் அந்தப் பெட்டியை வேறு யாரும் பிடித்திருக்க மாட்டார்கள், அடுத்த ஜிசியிலேயே பதிவு காணாமல் போகலாம். ஒரே மேப், ஒரே கோட், எண்ணைப் பொறுத்து நடத்தை மாறுகிறது! கோடில் நேரடியாக எழுதிய ஸ்ட்ரிங் லிட்டரலும் அப்படித்தான், அந்தக் கிளாஸ் இருக்கும் வரை போகாது. ஆகவே எண், ஸ்ட்ரிங், ரெக்கார்ட் எதுவும் இங்கே கீயாக வேண்டாம். தனக்கென்று அடையாளம் உள்ள ஆப்ஜெக்ட் மட்டும் போதும். குவாவாவும் காஃபீனும் வீக் கீ கேட்டவுடன் ஒப்பீட்டை, அதே ஆப்ஜெக்ட்தானா என்று பார்க்கும் அடையாள அடிப்படைக்கு மாற்றிவிடுகின்றன. அதுதான் சரியான முடிவு என்பேன்.

த்ரெட் விஷயத்திலும் கவனம் தேவை. செத்துப்போன பதிவுகளை இந்த மேப் தனியாக எந்த த்ரெட்டிலும் துடைப்பதில்லை. யாராவது அதைத் தொடும்போதுதான் துடைக்கிறது, கெட் அழைப்பிலும்கூட. வெறுமனே படிக்கத்தானே செய்கிறோம் என்று பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் படிக்க விடும் ரீட் லாக்கோடு விட்டுவிட முடியாது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே தொடும்படி முழுதாக சின்க்ரனைஸ் செய்ய வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. யாரும் தொடாமல் கிடக்கும் மேப்பில், கீ போன பிறகும் வேல்யூக்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

வேல்யூ கீயைப் பிடிக்கும் சிக்கலுக்குத் தீர்வே இல்லை என்று நினைக்க வேண்டாம். எஃபெமரான் என்ற அமைப்பை 1997-லேயே பேரி ஹேய்ஸ் ஒரு ஆய்வுக் கட்டுரையில் விளக்கியிருக்கிறார். கீ வேறு வழியில் உயிரோடு இருந்தால் மட்டுமே வேல்யூவைக் கணக்கில் எடுப்பது அதன் சாரம். ஜாவாஸ்கிரிப்டின் வீக்மேப் இப்படித்தான் நடந்துகொள்கிறது. டாட்நெட்டின் கண்டிஷனல்வீக்டேபிளும், 5.2 பதிப்பிலிருந்து லுவாவின் வீக் கீ டேபிள்களும் அப்படியே. ஜாவாவின் அடிப்படை லைப்ரரியில் இன்றும் இது இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஜாவாஸ்கிரிப்ட் வீக்மேப்பில் சைஸ் கிடையாது, உள்ளே உள்ளதை வரிசையாகச் சுற்றிப் பார்க்கவும் முடியாது. ஆரம்பத்தில் குறையாகத் தோன்றும், ஆனால் ஜிசி எப்போது ஓடியது என்பது நிரலுக்குத் தெரியாமல் இருக்க அது அவசியம்.

பைத்தானில் நான் அதிகம் பயன்படுத்தியது வீக்வேல்யூடிக்‌ஷனரி. வேல்யூவை வீக்காகப் பிடிக்கும் அது, ஒரே பதிவுக்கு ஒரே ஆப்ஜெக்ட் என்று காக்க மிகப் பொருத்தம். டேட்டாபேஸ் லைப்ரரியான எஸ்க்யூஎல்ஆல்கெமியின் செஷனும் தன்னிடம் உள்ள ஆப்ஜெக்டுகளைப் பொதுவாக இப்படி வீக்காகத்தான் பிடித்திருக்கிறது. பைத்தானின் வழக்கமான வடிவமான சிபைத்தான் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையில் ஓடுவதால், கடைசி ஆள் கைவிட்ட கணமே பதிவு போய்விடும். முழு எண், டப்பிள், சாதாரண லிஸ்ட் ஆகியவற்றுக்கு வீக் ரெஃபரன்ஸே போட முடியாது என்பதும், ஸ்லாட்ஸ் (ஃபீல்டுகளை முன்கூட்டியே வரையறுக்கும் வசதி) வைத்த கிளாஸில் அதற்கென ஒரு இடம் ஒதுக்க வேண்டும் என்பதும் புதிதாக வருபவர்களைத் தடுமாற வைக்கும்.

செலவும் கொஞ்சம் உண்டு. 64 பிட் ஹாட்ஸ்பாட்டில், சுருக்கப்பட்ட பாயின்டர்களோடு, சாதாரண ஹேஷ்மேப்பின் ஒரு பதிவு 32 பைட், வீக்ஹேஷ்மேப்பின் பதிவு 40 பைட். அந்த 8 பைட்டுக்காக நான் கவலைப்பட்டதில்லை. லட்சக்கணக்கில் வீக் ரெஃபரன்ஸ் சேரும்போது, ஒவ்வொன்றையும் ஜிசி தனியாகப் பார்க்க வேண்டியிருப்பதுதான் பெரிய செலவு. ஜிசி பதிவேட்டில் ரெஃபரன்ஸ் செயலாக்க நேரத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள், அங்கே தெரிந்துவிடும்.

லீக் (விடுபடாமல் சேரும் நினைவகம்) என்று சந்தேகம் வந்தால் ஹீப் டம்ப் (ஹீப்பின் நகல்) எடுத்து எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்து, சந்தேகப்படும் கீயிலிருந்து ஜிசி ரூட்டுக்கான (ஜிசி தன் தேடலைத் தொடங்கும் இடம்) பாதையைக் கேளுங்கள். வீக், சாஃப்ட் ரெஃபரன்ஸ்களை விலக்கும் தேர்வை மறக்காமல் போடுங்கள். அதன் பிறகும் வீக்ஹேஷ்மேப்பின் வேல்யூ வழியாக ஒரு பாதை மிஞ்சினால், கீயைப் பிடித்து வைத்திருக்கும் ஃபீல்டின் பெயரே அந்தப் பாதையில் எழுதியிருக்கும்.