தெளிவுக் கனவுக்கான ஒளி மாஸ்க்: புதியவருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று அறிந்திருக்கும் நிலையைத் தெளிவுக் கனவு என்பார்கள். அந்த நிலையை எட்ட உதவும் என்று விற்கப்படும் கண் மாஸ்க் ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். உறங்குபவரின் விழியசைவைக் கண்டறிந்து, மூடிய இமைகளின் மேல் சிறிய சிவப்பு எல்இடி விளக்குகளை விட்டுவிட்டு ஒளிரச் செய்வதே இக்கருவியின் வேலை. அந்த ஒளி ஏதேனும் ஒரு வடிவில் கனவுக்குள் நுழையும், அதைப் பார்த்ததும் கனவு காண்பவர் சுதாரித்துக்கொள்வார் என்பது எதிர்பார்ப்பு. ஒளி நுழைவது உண்மைதான். சுதாரித்துக்கொள்ளும் வேலையோ முழுக்க நம்முடையது. ‘முதல் இரவிலேயே தெளிவுக் கனவு’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாசகம் இந்த இரண்டாவது பாதியைப் பற்றி மூச்சே விடுவதில்லை.

கருவியின் அடிப்படைக் கருத்தில் குறை சொல்ல இடமில்லை. கனவுகள் செறிந்து வரும் ஆர்இஎம் உறக்கத்தில் உடல் தசைகள் ஏறத்தாழ முழுவதும் செயலிழந்திருக்க, விழிகள் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் நடத்திய சோதனையில், ஆலன் வோர்ஸ்லி என்பவர் கனவுக்குள் இருந்தபடியே, முன்பே பேசி வைத்திருந்த முறையில் விழிகளை இடமும் வலமும் அசைத்துச் சைகை அனுப்பினார். ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜ் இதைத் தனியே நிறுவியதோடு, உறங்குபவருக்கு ஒளியால் குறிப்புக் கொடுக்கும் முறையையும் ஆராய்ந்தார். இன்று விற்பனையில் உள்ள ஒளி மாஸ்க்குகளின் வேர் அந்த ஆய்வுகளில்தான் இருக்கிறது. கருவியுடன் வரும் கையேடு இந்த வரலாற்றை மிகையின்றிச் சொல்கிறது என்பதைப் பாராட்ட வேண்டும். விளம்பரம் எழுதியவரும் கையேடு எழுதியவரும் சந்தித்தே இருக்கமாட்டார்கள் போலும்.

ஒளி கனவுக்குள் வரும் விதம்தான் இக்கருவியின் சுவையான பகுதி. அது சிவப்பு விளக்காகவே தோன்றும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு கனவில் அது மின்னலாக வந்தது. இன்னொன்றில் எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்காக வந்தது. வேறொன்றில் வீட்டுக் கூடத்தின் குழல்விளக்கு அணைந்து அணைந்து எரிய, மின் இணைப்பில் ஏதோ பழுது என்று முடிவுகட்டி ஸ்விட்சைத் தேடிப் போனேன். கனவு காணும் மனம் எந்த விபரீதத்துக்கும் ஒரு காரணத்தைக் கையோடு வைத்திருக்கும். ஆகவே, ‘விளக்கு மின்னினால் இது கனவா என்று சோதிப்பேன்’ என்ற எண்ணத்தை உறங்கும் முன்பே ஆழமாகப் பதித்துக்கொள்ளாதவருக்கு மாஸ்க் அனுப்பும் குறிப்பு வெறும் காட்சியாகக் கடந்துபோகும்.

அந்த எண்ணத்தைப் பதிப்பதற்கு லாபெர்ஜ் வகுத்த, மைல்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உத்தியைக் கையேடு இரண்டே பக்கங்களில் முடித்துவிடுகிறது. புதியவருக்கு அதுவே முதற்பாடமாக இருந்திருக்க வேண்டும். படுத்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்து எழுந்து, சற்று நேரம் விழித்திருந்து, கடைசியாகக் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, ‘அடுத்த முறை கனவு காணும்போது அது கனவு என்பதை நினைவில் கொள்வேன்’ என்று மனதுக்குள் சொன்னபடியே மீண்டும் உறங்க வேண்டும். ஆர்இஎம் கட்டங்கள் விடியலை நெருங்க நெருங்க நீளும் என்பதால்தான் இந்த நேரக் கணக்கு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், இம்முறையை, ‘இது கனவா’ என்று விழித்திருக்கும்போதே பார்த்துப் பழகும் பகல்நேரச் சோதனைகளோடு சேர்த்துப் பயின்றவர்களுக்கு ஒரு வாரத்தில் சுமார் 17 சதவீத முயற்சிகள் பலித்தன. உத்தியை முடித்த ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கியவர்களிடம் அது ஏறத்தாழ 46 சதவீதமாக இருந்தது. மாஸ்க் எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் இது என்பதை வாங்க நினைப்பவர் மனதில் கொள்வது நல்லது.

ஒளியின் அளவைச் சரிசெய்வதில் பொறுமை தேவைப்படுகிறது. அதிகமானால் விழிப்பு வந்துவிடும், குறைவானால் கனவை எட்டாது. இமையின் தடிப்பும் உறக்கத்தின் ஆழமும் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால் தொழிற்சாலை அமைப்பு யாருக்கும் அப்படியே பொருந்தும் என்று தோன்றவில்லை. மிகக் குறைந்த அளவில் தொடங்கி ஓரிரு இரவுகளுக்கு ஒருமுறை ஒருபடி உயர்த்துவதே எனக்குச் சரிப்பட்டது. விழியசைவை அறியும் உணரி, புரண்டு படுப்பதையும் சில வேளைகளில் கனவு என்று எண்ணி விளக்கை எரிக்கிறது. அதைவிட, குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகே ஒளிரும்படி வைக்கும் வசதி நம்பகமானது; விடியற்கால உறக்கத்துக்கு அதைப் பொருத்தி வைத்த பிறகே கருவி உருப்படியாக உழைத்தது.

துணி மென்மையானது, மூக்கோரத்தில் வெளிச்சம் கசிவதில்லை. பக்கவாட்டில் படுப்பவர்களுக்கு மின்கலப் பெட்டி கன்னத்தில் அழுத்தும். மின்கலம் குறையின்றி உழைக்கிறது.

உடன் வரும் கைப்பேசிச் செயலியைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. பகலில் மணிக்கு ஒருமுறை ஒலித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு விட முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. சோதனை சிறந்ததுதான், ஏனெனில் கனவில் மூக்கைப் பொத்தினாலும் பெரும்பாலும் மூச்சு தடையின்றி வரும். ஆனால் மணியடித்ததற்காகச் செய்யும் சோதனை கனவில் தொடர்வதில்லை. அங்கே மணியடிக்க ஆளில்லை. வினோதமான ஒன்று கண்ணில் படும்போதெல்லாம் நிஜமாகவே சந்தேகப்பட்டுச் சோதிக்கும் பழக்கமே கனவுக்குள்ளும் தொற்றிக்கொள்ளும். செயலியின் கனவுக் குறிப்பேட்டைவிடத் தலையணைக்கு அருகில் ஒரு நோட்டும் பேனாவும் மேலானவை. திரையைத் திறந்து தட்டச்சு செய்வதற்குள் கனவின் பாதி கலைந்துவிடும்.

ஒளிக்கு வலிப்பு வரும் இயல்புள்ளவர்கள் இக்கருவியைத் தொடவே கூடாது. இந்த எச்சரிக்கையைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பது பொறுப்பான செயலன்று. நிஜத்துக்கும் கற்பனைக்கும் இடையிலான எல்லை குழம்பும் மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் மருத்துவரைக் கேட்காமல் இப்பயிற்சியில் இறங்கக் கூடாது. ஏற்கெனவே உறக்கம் போதாமல் தவிப்பவர்களுக்கு, நடு இரவில் எழுந்து பயிலும் எந்த முறையும் உகந்ததல்ல.

இரண்டு மூன்று வாரங்கள் கனவுகளை எழுதிப் பழகி, பெரும்பாலான காலைகளில் ஒரு கனவையாவது நினைவுகூர முடிகிறவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். கனவே நினைவில் நிற்பதில்லை என்பவர்களுக்கு, தெளிவுக் கனவு வந்தாலும் அது மறந்துபோகும் என்பதால், மாஸ்க் இப்போதைக்கு வீண்செலவு. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். ஒன்றைக் குறைத்தது செயலிக்காக, மற்றொன்றைக் குறைத்தது பெட்டியின் மேலுள்ள வாசகத்துக்காக. அமைப்புகள் எல்லாவற்றையும் மாஸ்க்கின் பக்கவாட்டுப் பொத்தான்களிலேயே மாற்ற முடியும் என்பதால் செயலியை நிறுவாமலே பயன்படுத்தலாம்.