அணுக் கப்பலின் நிஜ வேகம்: கணக்கா, கண்ணா, காதா?

நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பல் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டால் அமெரிக்கக் கடற்படை எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்லும்: ‘30 நாட்ஸுக்கு மேல்’ (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.). அந்த ‘மேல்’ எவ்வளவு என்பதில்தான் கற்பனை புகுந்து விளையாடுகிறது. 40, 50 என்றெல்லாம் அடித்துவிடுகிறார்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தாலே இது அடங்கிவிடும். தண்ணீரில் வேகம் கூடக் கூட, தேவைப்படும் திறன் தோராயமாக வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். நிமிட்ஸின் புரொப்பெல்லர்களைச் சுழற்றும் நான்கு தண்டுகளுக்கும் சேர்த்து சுமார் 2,60,000 குதிரைத்திறன். இதில் 31, 32 நாட்ஸ் ஓடுகிறது என்றால், 40 தொட இன்னொரு மடங்கு திறன் வேண்டும். அணு உலை இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், உலையின் வெப்பமும் டர்பைன், கியர், தண்டு வழியாகத்தானே வெளியே வர வேண்டும்? நாள்கணக்கில் சளைக்காமல் ஓடலாம், எரிபொருள் கவலை இல்லை. அணுசக்தியின் லாபம் அதுதான்.

அடுத்தது கண். ஓடும் கப்பலுக்குப் பின்னால் குறுக்கே எழும் அலைகளின் இடைவெளி வேகத்தைப் பொறுத்தது. 30 நாட்ஸில் சுமார் 150 மீட்டர். மேலிருந்து எடுத்த தெளிவான படமும் ஒரு ஸ்கேலும் போதும். ஆனால் படம் எடுத்த நேரத்து வேகம்தான் கிடைக்கும், உச்ச வேகம் அல்ல. ஆழத்தில் போகும் நீர்மூழ்கிக்கு இதனால் பயனே இல்லை.

அங்கே காதுதான். புரொப்பெல்லர் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைச் சத்தத்திலிருந்து பிரித்தெடுத்து வேகத்தைக் கணிக்கலாம். இதிலும் அதே சிக்கல்: எதிரி முழு வேகம் காட்டினால்தான் உச்சம் தெரியும். 1968 ஜனவரியில் பசிபிக்கில் என்டர்பிரைஸ் என்ற அமெரிக்க அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலை ஒரு சோவியத் ‘நவம்பர்’ வகை நீர்மூழ்கி பின்தொடர்ந்தது. 1950-களின் வடிவமைப்பு, விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று என்டர்பிரைஸ் 30 நாட்ஸைத் தாண்டியும் முடுக்கிப் பார்த்தது. நீர்மூழ்கி விடவில்லை. அமெரிக்க மதிப்பீடு அந்த வகைக்கு அவ்வளவு வேகம் கொடுத்திருக்கவே இல்லை. வேகமான லாஸ் ஏஞ்சலஸ் வகை நீர்மூழ்கிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த, அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தித் திட்டத் தலைவர் அட்மிரல் ரிக்கோவருக்கு இது நல்ல ஆயுதமாகப் போயிற்று.

வேகத்துக்கு என் ஓட்டு கணக்குக்குத்தான். காதும் கண்ணும் அதைச் சரிபார்க்க உதவும், அவ்வளவே. ஒரு நீர்மூழ்கி எவ்வளவு ஆழம் போகும் என்று வந்தால் மூன்றுமே தடுமாறும். சோவியத்தின் ‘ஆல்ஃபா’ வகை நீர்மூழ்கி, லேசான, வலுவான உலோகமான டைட்டானியத்தால் ஆன உடல் கொண்டது என்று தெரிந்ததும், அது 700 மீட்டருக்கும் கீழே போகும் என்று மேற்கு நாடுகளில் பேசப்பட்டது. வேகத்தை 40 நாட்ஸுக்கு மேல் என்று சரியாகவே பிடித்தார்கள். ஆழம்தான் பொய்த்தது: உண்மையில் சுமார் 400 மீட்டர். டைட்டானியம் போட்டது எடையைக் குறைத்து வேகம் பிடிக்கத்தான். அதற்குள் அதைத் துரத்தவென்று பிரிட்டன் ஸ்பியர்ஃபிஷ் என்ற டார்ப்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் ஆயுதம்) வேலையைத் தொடங்கிவிட்டது. ஆல்ஃபாக்கள் எப்போதோ உடைசலுக்குப் போய்விட்டன, அந்த டார்ப்பிடோ இன்னும் பணியில் இருக்கிறது.