நோட்டு, மாத்திரை, பின் நம்பர்: பார்வையற்றோர் கையில் போன் செயலிகள்

ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் டாக்பேக்கை முடுக்கியதும் பலர் தமிழ்க் குரலை இறக்கி வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். இணையம் இருக்கும்வரை தெரியாது. சிக்னல் போன இடத்தில் தமிழ் பேச்சு நின்றுவிடும். அமைப்புகளில் எழுத்தைப் பேச்சாக்கும் பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரல் தரவை இறக்கி, அதையே முதன்மைக் குரலாக வையுங்கள். ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் கண்டால் வாயே திறக்காது. தமிழ்க் குரலோ ஆங்கிலத்தையும் படித்துவிடும். உச்சரிப்பு கொஞ்சம் கடித்துத் துப்பினாற்போல இருந்தாலும் விஷயம் புரியும்.

இரண்டு வால்யூம் பட்டன்களையும் மூன்று நொடி சேர்த்து அழுத்தினால் டாக்பேக் அணைந்து எரியும்படி குறுக்குவழி வைத்துக்கொள்வது அவசியம். வீட்டில் யாராவது போனை வாங்கி ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "ஃபோன் ஹேங் ஆயிடுச்சு" என்பார்கள். ஆகவில்லை. டாக்பேக்கில் ஒரு தட்டு வாசிக்க, இரு தட்டு திறக்க.

தினமும் கைகொடுப்பது ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1-இல் வெளியிட்ட 'மணி' செயலி. இலவசம், இணையம் வேண்டாம். நோட்டின் எந்தப் பக்கம் காட்டினாலும், ஒரு பகுதியை மட்டும் காட்டினாலும் மதிப்பைச் சொல்லிவிடும். போனை நோட்டின் மேல் படுக்க வைத்து, அங்கிருந்து மெல்ல ஒரு சாண் உயர்த்துங்கள். காற்றில் நோட்டையும் போனையும் தனித்தனியாகப் பிடித்தால் கேமரா உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கள்ளநோட்டா என்று மட்டும் இது சொல்லாது.

கைத்தடவல் போதாதா என்று கேட்பவர்களுக்கு அளவுகளைச் சொல்ல வேண்டும். புதிய வரிசையில் 100 ரூபாய் 142 மி.மீ. நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. மூன்றுக்கும் உயரம் 66. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் நூறு ரூபாய் கைமாறுகிறது! இதைவிட மோசம், பழைய 20 ரூபாய் நோட்டு: 147-க்கு 63. நீளத்தை மட்டும் நம்பினால் அது 200 ஆகிவிடும். ஓரங்களில் 100-க்கும் 200-க்கும் நான்கு, 500-க்கு ஐந்து என்று புடைப்புக் கோடுகள் உண்டு. 200-இல் கோடுகளுக்கிடையே இரண்டு வட்டங்களும் இருக்கும். புது நோட்டில் விரலுக்குத் தெரியும், கசங்கிய நோட்டில் தேய்ந்துபோயிருக்கும். அதனால் வீட்டிலேயே மணியில் பார்த்து, மதிப்புவாரியாக வேறுவேறு விதமாக மடித்துப் பர்ஸில் வைப்பதே சரி. பஸ்ஸில் செயலியைத் திறந்துகொண்டிருந்தால் கண்டக்டர் காத்திருக்க மாட்டார்.

மாத்திரை அட்டைதான் எல்லாச் செயலிகளையும் தோற்கடிக்கிறது. கூகுள் லென்ஸ் தமிழ், ஆங்கில அச்சு இரண்டையும் படிக்கும் என்றாலும், பளபளக்கும் அலுமினியத்தாளில் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் எழுத்து அழிந்துபோகும். ஃபிளாஷை அணைத்து, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் ஓரளவு வரும். காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். எந்த முனை என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு, அங்கே ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி, எதிர் முனையிலிருந்து மாத்திரையை எடுங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளுக்கு பார்கோடோ கியூஆர் கோடோ கட்டாயம். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் அடக்கம். அட்டையில் இடமில்லாதபோது வெளிப்பெட்டியில்தான் அது இருக்கும், ஆகவே பெட்டியையும் கேட்டு வாங்குங்கள்.

எந்தச் செயலியாலும் படிக்க முடியாதபோது 'பி மை ஐஸ்' செயலி. மொழியைத் தமிழ் என்று வைத்தால் தமிழ் பேசும் தன்னார்வலர் வீடியோ அழைப்பில் வருவார். அவருக்குச் சட்டை நிறத்தைக் காட்டலாம், பால் பாக்கெட் தேதியைக் காட்டலாம், ஏ.டி.எம். அட்டையையோ வங்கிக் கடிதத்தையோ காட்டவே கூடாது.

யூபிஐ பின் நம்பர் அடிக்கும்போது விரல் படும் எண்களை டாக்பேக் உரக்கச் சொல்லிவிடக்கூடும். ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டுக்கொண்டால் தெருச் சத்தமும் கேட்கும், எண்ணும் வெளியே போகாது. டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதியும் இருக்கிறது. அதை இயக்கினால் திரை கறுத்துவிடும், குரல் வழக்கம்போல வேலை செய்யும்; பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.