மினிக்காய்க்குப் போன மன்னார்: ஓப்பன்டெக்டில் செக்-வை ஃபைல் ஏற்றிய கதை

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. வருவது இரண்டே பேர். பேராதனையில் புவிச்சரிதவியல் முடித்துவிட்டு வேலை தேடும் தங்கச்சி ஒருவர், மட்டக்களப்பிலிருந்து வந்து தெஹிவளையில் அறை எடுத்திருக்கும் தம்பி ஒருவர். அதிர்வை அனுப்பி அதன் எதிரொலியால் நிலத்தடிப் பாறையைப் படம் பிடிக்கும் முப்பரிமாண நில அதிர்வுத் தரவை வாசிக்கப் பழக வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. காசு கேட்காத மென்பொருளாக இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. பெரிய எண்ணெய்க் கொம்பனிகள் பாவிக்கும் மென்பொருட்களின் உரிமக் கட்டணத்தைக் கேட்டால் இந்த மேசையையும் சேர்த்து விற்க வேண்டி வரும்.

அப்படித்தான் ஓப்பன்டெக்ட் வந்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரத்து டிஜிபி நிறுவனம் செய்வது. 2003 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள பழைய லப்டொப். பழகுவதற்கு அது காணும். படங்கள், அட்ரிபியூட்கள், பிளவு தேடுவது பற்றியெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரேயொரு வேலையைப் பற்றித்தான்: ஃபைலை உள்ளே எடுக்கும்போது தரவு பூமியில் எந்த இடத்தில் போய் உட்காருகிறது.

முதலில் அவர்களே இலவசமாகத் தரும் எஃப்3 தரவைப் போட்டுப் பார்த்தோம். வடகடலின் டச்சுப் பகுதியில் 1987இல் எடுத்த சர்வே. சர்வேக் கட்டத்தின் ஒரு பக்கக் கோடுகளான இன்லைன் 100 முதல் 750 வரை, அவற்றுக்குக் குறுக்குக் கோடுகளான கிராஸ்லைன் 300 முதல் 1250 வரை, இரண்டு பக்கமும் 25 மீட்டர் இடைவெளி. எல்லாம் ஏற்கனவே அடுக்கி வைத்திருப்பதால் திறந்த உடனே வேலை செய்யும். அதனால் அதிலிருந்து ஒன்றும் படிக்க முடியாது. ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுச் சமையல் தெரியும் என்று சொல்ல முடியுமா?

எனவே இரண்டாம் ஞாயிறு வேறொரு ஃபைலை எடுத்தோம். ஒரு பயிற்சி வகுப்புக்காக யாரோ செயற்கையாகச் செய்து, கற்பிட்டிக்கு மேற்கே மன்னார்க் கடலில் கிடப்பதாகக் காட்டியிருந்த தரவு. கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. மன்னார் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரு உற்சாகம். 2011இல் அங்கே டொராடோ கிணற்றில் வாயு கண்ட செய்தியைப் பள்ளிக்கூடக் காலத்தில் வாசித்தவர்கள்.

நில அதிர்வுத் தரவைச் சேமிக்கும் செக்-வை (SEG-Y) ஃபைல் வடிவம் 1975இல் காந்த நாடாக் காலத்தில் பிறந்தது. ஃபைலின் தலையில் 3200 பைட் எழுத்துப் பகுதி, பிறகு 400 பைட் எண் பகுதி. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு டிரேஸுக்கும், அதாவது ஓரிடத்தில் பதிந்த ஒற்றை அதிர்வுப் பதிவுக்கும், முன்னால் 240 பைட் தலைப்பு. டிரேஸ் எங்கே கிடக்கிறது என்ற விபரம் அந்த 240க்குள் இருக்கும். 2002இல் வந்த திருத்தம் கிழக்கு எண்ணான எக்ஸை 181ஆம் பைட்டிலும் வடக்கு எண்ணான வையை 185இலும் இன்லைனை 189இலும் கிராஸ்லைனை 193இலும் வைக்கச் சொன்னது. அதற்கு முந்திய ஆட்கள் அவரவர் விருப்பப்படி வைத்தார்கள். பிந்திய ஆட்களிலும் சிலர் அப்படித்தான்.

எங்கள் ஃபைலில் 189இலும் 193இலும் வெறும் சைபர். இந்த இடத்தில்தான் ஓப்பன்டெக்டின் இறக்குமதி ஜன்னல் எனக்குப் பிடித்துப்போனது. ஏற்றுவதற்கு முன்னமே டிரேஸ் தலைப்புகளை விரித்து, எந்த பைட்டில் என்ன எண் ஓடுகிறது என்று காட்டும். ஒவ்வொரு டிரேஸுக்கும் எது ஒன்று ஒன்றாகக் கூடுகிறது, எது ஒரு வரிசை முழுக்க மாறாமல் நின்று பிறகு கூடுகிறது என்று பார்த்துக்கொண்டே போனோம். 9ஆம் பைட்டில் இன்லைன், 21இல் கிராஸ்லைன். கண்டுபிடித்தது தங்கச்சி. நான் தேத்தண்ணி ஊற்றப் போயிருந்தேன்.

அடுத்தது எக்ஸ். 73ஆம் பைட்டில் கிடந்தது, ஆனால் எண் 32,385,000. மீட்டர் என்றால் 32,385 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே ஏறக்குறைய 40,000தான். தலைப்பில் முழு எண் மட்டும்தான் போகும் என்பதால் தசமத்தைக் காப்பாற்ற நூறால் பெருக்கி எழுதிவிட்டு, 71ஆம் பைட்டில் -100 என்று குறித்து வைப்பது வழக்கம். கழித்தல் குறி இருந்தால் வகுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெருக்க வேண்டும். ஃபைலைச் செய்தவர் பெருக்கிவிட்டுக் குறிக்க மறந்துவிட்டார். அந்த இடத்தில் சைபர். இதற்கும் ஜன்னலில் வழி இருக்கிறது: ஃபைல் சொல்லும் ஸ்கேலிங்கை ஒதுக்கிவிட்டு 0.01 என்று நாமே கொடுக்கலாம். கொடுத்தோம். 323,850 வந்தது.

சர்வேயை அமைக்கும் இடத்தில் எளிய முறை ஒன்று இருக்கிறது. ஒரே இன்லைனில் இரண்டு புள்ளி, அந்த இன்லைனுக்கு வெளியே ஒரு புள்ளி, மூன்றுக்கும் எக்ஸ், வை. அவ்வளவுதான் கேட்கும். மூன்று புள்ளிக்கு ஆறு எண், கண்டுபிடிக்க வேண்டிய மாறிலிகளும் ஆறு, கணக்குச் சரி. அதன்பிறகு இன்லைன்-கிராஸ்லைன் எண்ணை வைத்து ஏற்றினால் ஒவ்வொரு டிரேஸின் சொந்த எக்ஸ், வையை மென்பொருள் திரும்பிப் பார்க்காது. லட்சக்கணக்கான டிரேஸையும் அந்த மூன்று புள்ளிதான் தூக்கிப் பிடிக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு மூன்று தரம் சொன்னேன். மூலையில் ஒரு எண் பிழைத்தால் முழுக் கனசதுரமும் கோணிக்கொண்டு நிற்கும், ஆனால் திரையில் பார்த்தால் பாறை அடுக்குகள் வழமை போல அழகாகவே தெரியும்.

பின் (bin) எனும் சிறு கட்டங்களின் இடைவெளியையும் சர்வேயின் பரப்பளவையும் அதுவே கணக்குப் போட்டுக் காட்டுகிறது. எங்களுக்கு 25 மீட்டர், 12.5 மீட்டர். எழுத்துப் பகுதியில் எழுதியிருந்ததும் அதுவே. எல்லோருக்கும் திருப்தி. எழுத்துப் பகுதியில் யூடிஎம் 43 வடக்கு என்றும் இருந்தது. யூடிஎம் என்பது பூமியை ஆறு பாகை அகல வலயங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறை; ஒவ்வொரு வலயத்திலும் அதே எண்கள் திரும்ப வரும். அதையும் அப்படியே கொடுத்தோம்.

பிழை என்னுடையதுதான். இருபது வருடமாகத் தெரிந்த எண் அது. இலங்கை முழுவதும் 44ஆம் வலயத்துக்குள் கிடக்கிறது, மன்னார்க் கடலின் இலங்கைப் பக்கமும் அப்படியே. கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை. சர்வேயின் எல்லையை கூகுள் எர்த்துக்கு கேஎம்எல்லாக அனுப்பும் பொத்தான் ஒன்று இருக்கிறது. தம்பி சும்மா விளையாட்டாக அதை அமத்தினான். பெட்டி போய் விழுந்த இடம் லட்சத்தீவுக் கடல், மினிக்காய்த் தீவுக்குப் பக்கம்.

"அக்கா, கடலுக்குள்ளதானே கிடக்கு, பிறகென்ன?" என்றான்.

வலய எண் ஒன்றால் பிழைத்தால் ஆறு பாகை தள்ளும். கற்பிட்டியின் பக்கத்தில் அது 660 கிலோமீட்டர் அளவு. மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. தரவும் முடியாது. 43ஆம் வலயத்திலும் 323,850 என்பது முற்றிலும் சரியான எண். வேறு சர்வேயின் எழுத்துப் பகுதியைப் பிரதி பண்ணி ஒட்டிவிட்டு வலயத்தை மாற்ற மறந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இந்தத் தொழிலில் அப்படி ஒட்டுவது கடையில் பழைய பில் புத்தகத்தில் எழுதுவது மாதிரி, யாரும் கூச்சப்படுவதில்லை. 44 என்று மாற்றியதும் பெட்டி கற்பிட்டிக்கு மேற்கே வந்து உட்கார்ந்தது.

பிறகு கிணற்றையும் அதே பெட்டிக்குள் வைக்க வேண்டும். பயிற்சித் தாளில் கிணற்றின் இடம் எங்கள் நில அளவைத் திணைக்களத்து எஸ்எல்டி99 கட்டத்தில் இருந்தது. பீதுருதாலகாலவை மையமாக வைத்து, கிழக்குக்கும் வடக்குக்கும் 500,000 கூட்டிய கட்டம். தம்பி எண்களை அப்படியே அடித்தான். கிழக்கு எண் 348,900. யூடிஎம் எண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. வடக்கு எண்ணில்தான் வெடித்தது: 654,800. சர்வே கிடப்பதோ 929,000 பக்கம். 270 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விட்டது கிணறு. இதைவிட மோசமானது இந்த 200,000 கூட்டிய பழைய கண்டவல கட்டம். பழைய வரைபடங்களில் இன்னும் அதுதான். இரண்டையும் பாகைக்கு மாற்றிவிட்டாலும் வேலை முடியாது. எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவத்திலிருந்து ஜிபிஎஸ் பாவிக்கும் டபிள்யூஜிஎஸ்84க்குப் போகும் திருத்தத்தைப் போடாமல் விட்டால் சில நூறு மீட்டர் பிசகும். அந்தப் பிசகு திரையில் தெரியாது. கிணறு பெட்டிக்குள்ளேயே நிற்கும், பக்கத்துப் பிளவின் மறுபுறத்தில். நாங்கள் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் மாற்றிக்கொண்டு வந்து போட்டோம்.

குறை சொல்லாமல் விட்டால் என் அம்மாவே நம்ப மாட்டார். புதிதாக வருபவருக்கு ஜன்னலுக்கு மேல் ஜன்னல் திறப்பது மலைப்பாகத்தான் இருக்கிறது. சர்வே அமைப்பது வேறு இடம், ஃபைல் ஏற்றுவது வேறு இடம் என்பது விளங்க எங்களுக்கு ஒரு முழு ஞாயிறு போனது. இன்லைனையும் கிராஸ்லைனையும் மாற்றிக் கொடுத்தால் முழுப் படமும் கண்ணாடியில் பார்த்த மாதிரிப் புரளும். கணக்குப் பிழைக்காததால் அதையும் அது ஏற்றுக்கொள்ளும். உள்ளே எடுக்கும் தரவைத் தன் சொந்த வடிவத்தில் இன்னொரு பிரதியாக எழுதுவதால் வட்டில் இடமும் வேண்டும். என் 256 ஜிபியில் என் சொந்தத் தங்கச்சியின் கலியாண வீட்டு வீடியோக்களை அழித்தேன். இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஆனாலும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஏற்றுவதற்கு முன் எண்களைக் கண்ணுக்கு முன்னால் விரித்து வைக்கிறது என்ற ஒன்றுக்காகவே. வேறு இடங்களில் தெரிவுகளை வரிசையாக அமத்திக்கொண்டு போய், மூன்று மாதம் கழித்துக் கிணறு பொருந்தவில்லை என்று தலையைப் பிய்த்த நாட்கள் எனக்கு உண்டு. பாவிப்பவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள்: கேஎம்எல் பொத்தானை முதல் நாளே அமத்துங்கள், நடுவில் ஏதாவது ஒரு டிரேஸின் எக்ஸ், வையை எடுத்து மென்பொருள் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூலைகளை எல்லோரும் பார்ப்பார்கள். நடுவை ஒருவரும் பார்ப்பதில்லை.

வருகிற ஞாயிறு அதே ஃபைலை நான் மூன்று விதமாகக் கெடுத்து வைக்கப் போகிறேன். மினிக்காய் வந்தால் மத்தியானச் சாப்பாடு தம்பியின் செலவு என்று பேச்சு.