பார்சிலோனாவில் அறை பிடிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்களிடமிருந்து பறிபோன 2,183 யூரோ 75 சென்ட்

நாங்கள் கோவைக்குத் திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் பாதி விவரம் மறந்துவிடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன். பார்சிலோனாவில் ஐந்து இரவு தங்க இடம் தருவதாகச் சொன்ன ஒருவனிடம் 2,183 யூரோ 75 சென்ட்டை, நம் பணத்தில் ஏறத்தாழ 2 லட்சம் ரூபாயைக் கொடுத்து ஏமாந்தோம். புகார் நிலுவையில் இருப்பதால் நாங்கள் முதலில் பதிவு செய்த தளத்தின் பெயரை எழுதவில்லை. வீடுகளையும் அறைகளையும் நாள் வாடகைக்குப் பிடித்துத் தரும், பலருடைய கைப்பேசியிலும் இருக்கிற வகையைச் சேர்ந்த ஒரு தளம் அது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

தோட்டத்து மோட்டாரைக் கைப்பேசியிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் உதவுகிற ஸ்டார்ட்டர்களைச் செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. பார்சிலோனாவில் 2006 முதல் நடந்துவரும் மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ் என்ற கைப்பேசித் தொழில்நுட்பக் கண்காட்சிக்கு, 2025 மார்ச் 3 முதல் 6 வரை, நானும் எங்கள் பொறியாளர்கள் இருவரும் போவதென்று முடிவு செய்தோம். அந்த நான்கு நாளில் உலகெங்கிலுமிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஒரே வளாகத்துக்கு வருகிறார்கள். ஊரில் அறைகளின் எண்ணிக்கை அதற்கேற்பக் கூடுவதில்லை. நகரின் மையப் பகுதியில் புதிய ஹோட்டல்களுக்கு 2017 முதல் அனுமதி கிடையாது. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் பல ஆண்டுகளாகப் புதிய உரிமம் வழங்கப்படுவதில்லை. உரிமம் பெற்றிருந்த 10,101 வீடுகளையும் 2028 நவம்பருக்குள் அந்தத் தொழிலிலிருந்து முற்றிலும் விலக்கிவிடப் போவதாக மேயர் ஜாவுமே கோல்போனி 2024 ஜூனில் அறிவித்திருக்கிறார். இவ்வளவையும் நான் பணத்தைப் பறிகொடுத்த பிறகு படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. போவதற்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் ஏமாந்தேன் என்பதுதான் என்னை இரவில் தூங்கவிடாமல் செய்கிறது.

நெருக்கடியை முன்பே ஊகித்து, 2024 செப்டம்பரிலேயே ஹோஸ்டாஃப்ராங்க்ஸ் பகுதியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை 1,450 யூரோவுக்குப் பதிவு செய்தோம். அங்கிருந்து பிளாசா எஸ்பான்யாவுக்கு மெட்ரோவில் ஒரே நிறுத்தம், அங்கே வேறு ரயில் மாறினால் மூன்றாவது நிறுத்தத்தில் கண்காட்சி வளாகம். ஜனவரி 24 அன்று, மூன்றாம் மாடியில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதால் பதிவை ரத்து செய்வதாக அந்தத் தளத்தின் வழியாகவே செய்தி வந்தது. ஐந்து நாளில் 1,450 யூரோவும் ஒரு சென்ட் குறையாமல் அட்டைக்குத் திரும்பியது. அதற்குள் நாங்கள் வேறு இடம் தேடத் தொடங்கியிருந்தோம். வளாகத்திலிருந்து அரை மணிப் பயணத்துக்குள் மூன்று பேர் தங்குவதற்கு, ஐந்து இரவுக்கு 3,500 யூரோவுக்குக் கீழே எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

ஜனவரி 31 அன்று ஸ்பெயின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. எங்கள் மூவரின் பெயர், பழைய பதிவு எண், வரும் தேதி, போகும் தேதி, நாங்கள் கட்டியிருந்த தொகை எல்லாம் அதில் சரியாக இருந்தன. வீட்டு நிர்வாகி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டவன், குழாய் உடைந்ததற்கு மன்னிப்புக் கேட்டான். அதே கட்டடத்தின் நான்காம் மாடி வீடும் தங்களுடையதே என்றும், பழைய விருந்தினர்களுக்காக அதைத் தளத்தில் போடாமல் வைத்திருப்பதாகவும், இரவுக்கு 400 யூரோ வீதம் தர முடியும் என்றும் எழுதினான். விலை மிக மலிவாக இருந்திருந்தால் நிச்சயம் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் அவன் சொன்னது பழைய விலையைவிட 550 யூரோ அதிகம், அன்றைய சந்தை விலையைவிடக் குறைவு. சங்கடத்தில் இருக்கிற வியாபாரி கேட்கக்கூடிய நியாயமான விலையாகவே அது எனக்குத் தோன்றியது.

நான் அவனை நம்பிய நேரம் எதுவென்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன். வீடியோ அழைப்பில் பால்கனியைக் காட்டினான். பச்சை நிற மடக்கு நாற்காலிகள் இரண்டு, கொடியில் ஒரு சிவப்புத் துண்டு, கீழே தெருவில் மோட்டார் சைக்கிள் ஓடும் சத்தம் வரை எல்லாம் இருந்தன. கதவோரத்தில் இருந்த உரிமப் பலகையின் அருகே கைப்பேசியைக் கொண்டுபோய், HUTB என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண்ணைப் படித்துப் பார்க்கச் சொன்னான். மாநகராட்சியின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன், செல்லுபடியாகும் உரிமம் என்றே வந்தது. 2024 டிசம்பர் 2 முதல் ஸ்பெயினில் தங்குமிடம் தருவோர் ஒவ்வொரு விருந்தினரின் விவரத்தையும் அரசுக்குப் பதிந்தாக வேண்டும் என்பதால் பாஸ்போர்ட் பிரதிகளை அனுப்பச் சொன்னான். அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. இத்தனைக்கும் பிறகு மனத்தில் ஒட்டிக்கொண்டிருந்த தயக்கத்தைப் போக்கியது அவன் அனுப்பிய கணக்குச் சீட்டுதான். வாடகை 2,000 யூரோ, துப்புரவுக் கட்டணம் 90 யூரோ, சுற்றுலா வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 6.25 வீதம் மூன்று பேருக்கு ஐந்து இரவுக்கு 93.75 யூரோ. பார்சிலோனா இருக்கும் கட்டலோனியா பகுதி அரசின் அப்போதைய 2.25 யூரோவும் மாநகராட்சியின் 4 யூரோவும் சேர்ந்தால் 6.25 என்பது எனக்கு முன்பே தெரியும். வரியைச் சென்ட் கணக்கில் சரியாகப் போட்டு வசூலிக்கிறவன் திருடனாக இருப்பான் என்று என் மனம் நினைக்கவில்லை. ஏமாற்ற நினைப்பவன் முழு எண்ணாகக் கேட்பான் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தியாவிலிருந்து அனுப்பினால் நாளாகும் என்பதால், ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் சித்தி மகனிடம் சொல்லி, பிப்ரவரி 5 அன்று அவன் கணக்கிலிருந்து ஸ்பெயின் வங்கிக் கணக்கு ஒன்றுக்கு 2,183 யூரோ 75 சென்ட்டை அனுப்ப வைத்தேன். "அனுப்பியாச்சுங்ணா, நிம்மதியா இருங்க" என்று அவன் போட்ட குரல் செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றோம். கட்டடம், பலகை, நான்காம் மாடியின் பால்கனி எல்லாம் வீடியோவில் பார்த்தபடியே இருந்தன. நுழைவாயில் கம்பியில் சாவிப் பெட்டிகள் நான்கைந்து தொங்கின. அவன் கொடுத்த எண்ணை ஒவ்வொன்றிலும் சுழற்றிப் பார்த்த எங்கள் இளைய பொறியாளர், "எதுவுமே திறக்க மாட்டேங்குதுங்க சார்" என்று என்னைத் திரும்பிப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த கலக்கம் எனக்கு மறக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளுக்கு ஒரே ஒரு டிக் மட்டுமே விழுந்தது. நான்காம் மாடி மணியை அழுத்தினோம். கண்காட்சியின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய கொரிய இளைஞர் ஒருவர் இறங்கி வந்து, அந்த வீட்டில் தாங்கள் ஐந்து பேர் முதல் நாளிலிருந்தே தங்கியிருப்பதாகச் சொன்னார்.

அவர் தந்த எண்ணில் அழைத்ததும் உண்மையான நிர்வாகி, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, அரை மணியில் வந்து சேர்ந்தார். குழாய் எதுவும் உடையவில்லை என்றும், ஜனவரியில் அந்தத் தளத்தில் இருந்த தன் கணக்கை யாரோ திறந்து புகுந்துவிட்டார்கள் என்றும், எங்கள் பதிவை நாங்களே ரத்து செய்துவிட்டதாக நினைத்து மூன்றாம் மாடியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். கணக்கில் ஆள் புகுந்ததைத் தளத்துக்கு ஜனவரி 30 அன்றே எழுதிய மின்னஞ்சலையும் எடுத்துக் காட்டினார். எங்களுக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தது அதற்கு மறுநாள். நாங்கள் பணம் அனுப்பியது அதிலிருந்து ஆறாவது நாள். இடைப்பட்ட அந்த ஆறு நாளில், "உங்கள் விவரம் வெளியே போயிருக்கலாம், யார் கேட்டாலும் பணம் அனுப்பாதீர்கள்" என்று ஒரே ஒரு வரியைத் தளம் எங்களுக்கு அனுப்பியிருந்தால் இந்தப் பணம் போயிருக்காது.

அன்றிரவு அருகிலிருந்த நான்கு ஹோட்டல்களில் ஏறி இறங்கினோம். மூன்றில் இடமில்லை. நான்காவதில் வரவேற்பில் இருந்த பெண் வாய்திறந்து சொல்லத் தயங்கி, கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இருவர் படுக்கும் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 612 யூரோ, அதுவும் காலை உணவு இல்லாமல். எங்களுக்கு இரண்டு அறை வேண்டும். கடைசியில் அந்த நிர்வாகி அம்மாவே தமக்குத் தெரிந்த இடங்களுக்கெல்லாம் தொலைபேசியில் பேசி, மன்ரேசா என்ற ஊரில் எளிய விடுதி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். அவர் எங்களுக்கு எந்த வகையிலும் கடமைப்பட்டவர் அல்லர். அந்த நன்றியை இங்கே பதிவு செய்யாமல் போனால் தப்பு. மன்ரேசாவிலிருந்து கண்காட்சி வளாகத்துக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். மாதிரி ஸ்டார்ட்டர்கள் இருந்த இரண்டு கனத்த பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு நான்கு நாளும் அப்படியே போய்வந்தோம். மாலை ஆறு மணிக்கு மேல் நடக்கும் சந்திப்புகளில்தான் பேச்சு வியாபாரமாக மாறும் என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை ரயிலுக்காக விட்டுவிட வேண்டியிருந்தது.

இனி அலைக்கழிப்பைச் சொல்கிறேன். தளத்தின் உதவிப் பிரிவில் இதுவரை நான்கு பேரிடம் பேசிவிட்டேன். ஒவ்வொருவரும் நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் வருத்தம் தெரிவித்தார்கள். நான்கு பேரின் பதிலும் ஒன்றேதான். ஜனவரி 24 அன்று உங்கள் பதிவு முடிந்துவிட்டது, உங்கள் பணம் முழுவதும் திரும்பிவிட்டது, அதன் பிறகு தளத்துக்கு வெளியே நீங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு நாங்கள் பொறுப்பல்ல. தளத்துக்கு வெளியே பணம் கொடுத்தது என் தவறு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் பதிவு எண்ணும், நான் கட்டிய தொகையும், என் பொறியாளர்களின் பெயரும் அந்தத் திருடன் கைக்கு எப்படிப் போயின என்ற ஒரே கேள்வியைத்தான் நான்கு பேரிடமும் கேட்டேன். மற்றொரு பயனரின் தனியுரிமை சம்பந்தப்பட்டிருப்பதால் விளக்க இயலாது என்றார் மூன்றாமவர். என் தனியுரிமையைப் பற்றி அவருக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. நான்காமவர், உரையாடல் முடிந்ததும் எங்கள் சேவையை ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பிடுங்கள் என்ற பெட்டியை அனுப்பினார்.

சித்தி மகனின் வங்கி, கணக்கு வைத்திருப்பவர் தாமே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம் என்பதால் திருப்பித் தரும் கடமை தனக்கில்லை என்று எழுதிவிட்டது. திரும்பக் கேட்டு ஸ்பெயின் வங்கிக்கு அனுப்பிய கோரிக்கைக்கு, அந்தக் கணக்கில் இருப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. பயணக் காப்பீடும் கைவிரித்துவிட்டது. பார்சிலோனாவில் காவல் துறையிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து நகல் வாங்கி வைத்திருக்கிறோம். 2,183 யூரோ 75 சென்ட்டையும் சித்தி மகனுக்கு நான் என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான், அதைக் கேட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஊர் மக்கள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பத்தாண்டுகளில் வீட்டு வாடகை 68 சதவீதம் ஏறியிருப்பதாக அந்த மேயரே சொல்லியிருக்கிறார். 2024 ஜூலையில் உணவக மேசைகளில் இருந்த சுற்றுலாப் பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சிய போராட்டக்காரர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. குடியிருக்க வீடு இல்லாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்? உரிம வீடுகளைக் குறைப்பது அவர்களுடைய உரிமை. ஆனால் அறைகள் குறைந்துகொண்டும், அறை தேடி வருவோர் கூடிக்கொண்டும் இருக்கிற ஊரில், கண்காட்சி வாரத்தில் கடைசி நேரத்தில் தவிக்கிறவனைத் தேடிப்பிடிப்பது இந்தக் கும்பலுக்கு மிக எளிது. எங்களைப் பிடிக்க அவன் தூண்டில்கூடப் போடவில்லை. எங்கள் கையில் இருந்த அறையைப் பிடுங்கிவிட்டு, அதன் பக்கத்து அறையையே எங்களுக்கு விற்றான்.

கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். மணி நள்ளிரவைத் தாண்டிவிட்டதால் அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். பதிவு ரத்தானதும் அதே ஆள் வேறு வழியில் தொடர்புகொண்டால், எவ்வளவு சரியான விவரம் சொன்னாலும் பதில் போடாதீர்கள். உரிம எண் உண்மையாக இருந்தால் வீடு உண்மை என்று மட்டுமே பொருள், பேசுகிறவன் அந்த வீட்டுக்காரன் என்று பொருளல்ல. வங்கிப் பரிமாற்றம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அட்டையில் கட்டிய பணத்தையாவது திரும்பக் கேட்டுப் போராட வழி இருக்கிறது. பாஸ்போர்ட் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், நாங்கள் அனுப்பிய மூன்று பிரதிகளும் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று தெரியாமல் தவிக்கிறோம். கண்காட்சிக்குப் போவதானால் அதை நடத்துவோரே ஒதுக்கித் தரும் ஹோட்டல் அறைகளை முதலில் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்றிரவு வேறொரு விளம்பரத் தளத்தில் தேடிக்கொண்டிருந்தபோது அதே பால்கனிப் படம் கண்ணில் பட்டது. அதே பச்சை மடக்கு நாற்காலிகள், கொடியில் அதே சிவப்புத் துண்டு. ஜூன் மாதத்துக்கு, மூன்று பேருக்கு, ஓர் இரவுக்கு 260 யூரோ என்று போட்டிருக்கிறார்கள். அந்த விளம்பரத்தின் மேல் நான் கொடுத்த புகாருக்கு இந்த நிமிடம் வரை பதில் வரவில்லை, விளம்பரமும் இன்னும் அப்படியே இருக்கிறது.