ஆதரவு முடிந்த நூலகம்: மாற்றுவதா, ஒட்டுப் போடுவதா, அரண் கட்டுவதா?

ஒரு மென்பொருள் நூலகத்துக்கான (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்புக்கான) ஆதரவு நிறுத்தப்பட்டு, திருத்தங்கள் வருவது நின்றபின், அதை நம்பி இயங்கும் நிரலை வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகளே உள்ளன: புதிய பதிப்புக்கு மாறுவது, வேறொருவர் தரும் பேட்ச்களோடு (குறைகளை அடைக்கும் சிறு திருத்தங்களோடு) பழையதையே தொடர்வது, அல்லது நூலகத்தைத் தொடாமல் அதைச் சுற்றி ஃபயர்வால் போன்ற அரண்களைக் கட்டுவது. இவற்றுள் மூன்றாவதே மனதுக்கு எளிதாகப் படுகிறது. மிகப் பலவீனமானதும் அதுதான் என்பேன்.

புதிய பதிப்போடு புதிய ஓட்டைகளும் வரும் என்று சொல்லி மாறத் தயங்குபவர்களின் வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை, இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.0.1 வரிசையில் இருந்ததே தவிர, அதற்கு முந்தைய 0.9.8, 1.0.0 வரிசைகளில் இல்லை. 2021 டிசம்பரில் உலகையே உலுக்கிய லாக்4ஷெல் ஓட்டையும், ஜாவா நிரல்களின் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் லாக்4ஜே நூலகத்தின் இரண்டாம் வரிசைக்கு உரியது. 2015 ஆகஸ்டிலேயே ஆதரவு முடிந்திருந்த முதல் வரிசை அதிலிருந்து தப்பியது. ஆனால் அந்த முதல் வரிசையின் சாக்கெட்சர்வர் பகுதியை (வலையமைப்பு வழியாகப் பதிவுகளைப் பெறும் பகுதியை)ப் பயன்படுத்துவோரின் கணினியில் வெளியாள் தன் நிரலை ஓட்ட வழிசெய்யும் வேறோர் ஓட்டை 2019இலேயே பதிவாகியிருந்தது; அதற்கான திருத்தம் அந்த வரிசையில் வரவே இல்லை.

தெரிந்த ஓட்டைகளைவிட, ஆதரவு முடிந்தபின் சூழும் மௌனமே என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. புதிய ஓட்டை ஒன்று கண்டறியப்படும்போது, பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் ஆதரவிலுள்ள பதிப்புகளை மட்டுமே சோதித்து அறிவிக்கிறார்கள்; பழைய பதிப்பின் பெயர் பட்டியலில் இல்லாததால், அந்தப் பட்டியலை வைத்து ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் மென்பொருளும் குறையில்லை என்று காட்டிவிடுகிறது. அதே நேரத்தில், புதிய பதிப்பில் செய்யப்பட்ட திருத்தம் எல்லோர் பார்வைக்கும் கிடைப்பதால், அதே வரிகள் பழையதிலும் இருக்கின்றனவா என்று தேடுபவருக்கு அதுவே வழிகாட்டியாகிறது.

அரண் கட்டும் வழி இங்கேதான் சறுக்குகிறது: அறிவிக்கப்படாத ஓட்டையை அரணும் அறியாது; தெரிந்ததைக்கூட முழுதாகத் தடுப்பதில்லை. லாக்4ஷெல் வெளிவந்த நாள்களில் 'ஜேஎன்டிஐ' என்ற எழுத்துத் தொடரை (தாக்குபவர்கள் பயன்படுத்திக்கொண்ட ஜாவா வசதியின் பெயரை)த் தேடித் தடுத்த வடிகட்டிகளை, எழுத்துகளைத் தனித்தனிக் கோவைகளுக்குள் மறைத்து எழுதியே தாக்குபவர்கள் தாண்டினார்கள். வலையமைப்பிலிருந்து முழுவதுமாகத் துண்டிக்கப்பட்ட இயந்திரத்துக்கு மட்டும் இந்த வழி ஓரளவு பொருந்தும்.

பேட்ச் வாங்கித் தொடர்வது இதைவிட நேர்மையான இடைவழி. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 வரிசைக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11 அன்று முடிந்தபோது, கட்டணம் செலுத்துவோருக்குத் திருத்தங்கள் தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. லாக்4ஜே முதல் வரிசையிலிருந்து கிளைத்த ரீலோட்4ஜே அதன் ஓட்டைகளை அடைத்துத் தருகிறது. ஆயினும் இத்தகைய பேட்ச் ஒரு நூலகத்தை மட்டுமே காக்கும்; அது சார்ந்திருக்கும் மற்ற நூலகங்களும் ஆதரவை இழந்திருந்தால் அவற்றைக் கவனிக்க ஆளில்லை. முடியும் தேதி குறிக்கப்படாமல் இந்த வழியில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாறுவதற்கான விலை நிச்சயமாகப் பெரிது. பைத்தான் என்ற நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பான பைத்தான் 3 வெளியானது 2008இல். பைத்தான் 2 ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1இல். பதினொரு ஆண்டுகள் கிடைத்தும் பலரால் அந்தத் தேதிக்குள் முடிக்க இயலவில்லை. புதியது என்பதாலேயே பாதுகாப்பானதும் ஆகிவிடாது: கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் வேண்டுமென்றே ஒளித்து வைக்கப்பட்ட பின்வாசல் 2024 மார்ச்சில் அம்பலமானது. ஆனால் அதைப் பயன்படுத்திய ஒரு பொறியாளர் வழக்கத்துக்கு மாறான தாமதத்தைக் கவனித்து ஆராய்ந்ததால், வெளியான சில வாரங்களிலேயே அது பிடிபட்டது. எவரும் திறந்து பார்க்காத நூலகத்தில் அப்படியொன்று எத்தனை ஆண்டுகள் கிடந்திருக்கும்?

ஆகவே, வெளியிலிருந்து வரும் தரவை நேரடியாகப் படிக்கும் நூலகங்களை முதலில் மாற்றி, உடனே மாற்ற இயலாதவற்றுக்குத் தேதியோடு கூடிய பேட்ச் ஆதரவை வாங்கி, அரணை அந்த இடைக்காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் வரிசையையே நான் தேர்வேன்.