மார்கழி வாசிப்புச் சவால்: மனத்தில் நின்றவையும் சலிப்பூட்டியவையும்

மார்கழிப் பாடசாலை விடுமுறையை ஒட்டி, கொழும்பின் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாழும் வாசக நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்திய வாசிப்புச் சவாலின் விதி எளிமையானது. தை பிறப்பதற்குள் இலங்கை எழுத்தாளர்களின் ஐந்து நாவல்களை முடிக்க வேண்டும்; அவற்றுள் ஒன்று கடலோர வாழ்வைப் பற்றியதாகவும், ஒன்று சிங்களத்திலிருந்து தமிழுக்கு வந்ததாகவும், ஒன்று கொழும்பில் நிகழ்வதாகவும், ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியானதாகவும் இருத்தல் வேண்டும். ஐந்தாவது அவரவர் விருப்பம். நூல்களைத் தேடுவதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் ‘நூலகம்’ இணையத்தளமும் பெரும்பாலும் கைகொடுத்தன.

பட்டியலில் எனக்கு முதலாவது செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த எழுபதுகளில், உள்ளூர் நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டு வாசகர்களைத் தேடிக்கொண்ட வீரகேசரிப் பிரசுரங்களில் இதுவும் ஒன்று. 1978ஆம் ஆண்டு திரைப்படமாகவும் வந்தது. வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் வெளியூர் மீனவர்கள் நெடுந்தீவுக் கரையில் வாடி எனப்படும் தற்காலிகக் குடில்களை அமைத்துத் தொழிலுக்கு இறங்குவதும், அதனால் தீவின் மீனவர்களோடு மூளும் பகையும், அந்தப் பகைக்கு நடுவிலேயே முளைக்கும் காதலுமே கதை. சுருக்கிச் சொன்னால் ஏற்கெனவே கேட்ட கதை போலத் தோன்றும். ஆனால் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, அதற்கேற்ப வலை எங்கே விழுகிறது, பருவத்தோடு வந்திறங்கும் கூழைக்கடாக்களை வேட்டையாடக் காத்திருப்பவன் யார் என்பவற்றையெல்லாம் ஆசிரியர் கதையின் ஓட்டத்திலேயே சொல்லிச் செல்வதால், பாத்திரங்களின் கோபத்துக்கும் ஆசைக்கும் பின்னால் ஒரு பிழைப்பு இருப்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. அவர் புவியியல் படித்தவர் என்பது அந்தப் பக்கங்களில் தெரிகிறது. ஆனால் பாடம் நடத்துகிறாரென்ற எண்ணம் ஒருபோதும் எழவில்லை. காதல் பகுதிகளில் அக்காலத் தொடர்கதைகளின் மிகையுணர்ச்சி தலைகாட்டுகிறது என்பது மட்டுமே என் குறை. கொழும்பில் மழையும் வெயிலும் மாறி மாறி வரும் மார்கழியில், வாடையின் குளிரைப் பக்கங்களிலாவது அனுபவிக்க விரும்புவோர் இதிலிருந்து தொடங்கலாம்.

அதற்கு மிக அருகில் வைக்கத்தக்கது மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’. 1944ஆம் ஆண்டு சிங்களத்தில் வெளியான இந்நாவலை எம். எம். உவைஸ் ‘கிராமப் பிறழ்வு’ என்ற பெயரில் தமிழாக்கினார். தென்னிலங்கையின் கொக்கலைக் கிராமத்தில், பரம்பரைப் பெருமையைத் தவிர வேறெதையும் காப்பாற்ற இயலாத, ‘மகாகெதர’ என்ற பெரிய வீட்டுக் குடும்பம் மெல்ல மெல்லச் சரிவதை விக்கிரமசிங்க எவரையும் பழிக்காமல் எழுதுகிறார். அவ்வீட்டு மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வரும் பியலைக் குலம் போதாது என்று ஒதுக்கிய குடும்பம், அவள் கணவன் ஜினதாச பொருள் தேடிப் போய் நொடித்து மடிந்தபின், கொழும்பில் வணிகம் செய்து பணம் சேர்த்த அதே பியலை ஏற்றுக்கொள்கிறது. இதை ஒரு பழிவாங்கலாகவோ வெற்றியாகவோ காட்டாமல், வீட்டின் சுவர்கள் பழுதடைவதைப் போலவே இயல்பாக நிகழ விடுவதுதான் இந்நாவலின் பலம். நடுமுற்றம் கொண்ட யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டவர்களுக்கு மகாகெதர அந்நியமாகத் தோன்றாது.

விருப்பத் தெரிவாக எடுத்த எஸ். பொ. என்று அறியப்படும் எஸ். பொன்னுத்துரையின் ‘சடங்கு’ ஒரே மூச்சில் முடிந்தது. கொழும்பில் வேலை பார்க்கும் எழுதுவினைஞன் ஒருவன் மனைவியைக் காண யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறிப் போகிறான்; ஆனால் ஆள் நிறைந்த வீட்டில் அவளோடு தனித்திருக்க நேரம்தான் வாய்க்கவில்லை. குறும்பான நாவல், இளையோருக்குக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

கொழும்பு நாவலாக நான் தேர்ந்தது தெளிவத்தை ஜோசப்பின் ‘குடை நிழல்’. மலையகத்திலிருந்து வந்த ஒருவன் இந்நகரில் வாடகை வீடு தேடுவதும், சந்தேகத்தின் பேரில் கைதாகி அலைக்கழிக்கப்படுவதும் ஆரவாரமின்றிச் சொல்லப்படுகின்றன. தேசிய அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தபின் குரலை மாற்றிய வீட்டுக்காரர்களை நேரில் அறிந்தவர்கள் இங்கு ஏராளம். அவர்கள் இச்சிறு நாவலை விரைவாகப் படித்துவிட முடியாது.

என்னை அதிகம் சலிக்கச் செய்தது, விதியின் பொருட்டு எடுத்த சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’. 1885இல் வெளிவந்த இது ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று போற்றப்படுவது. ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை நடத்திய அப்பெருந்தகையின் கல்விப் பணியில் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆயினும் எகிப்தில் குழந்தையாகக் களவாடப்படும் அசன், பம்பாய், கல்கத்தா என்று கடந்து மீண்டும் பெற்றோரைச் சேரும் வரை ஒருமுறையேனும் தடுமாறுவதில்லை. எங்கு சென்றாலும் அவனுக்கு உதவ ஒரு நல்லவர் காத்திருக்கிறார். எந்தச் சிக்கலும் தற்செயலான சந்திப்பால் அவிழ்ந்துவிடுகிறது. அதன் உரைநடையில் ஒலிக்கும் அந்நாளைய முஸ்லிம் தமிழ் மட்டும் நிறுத்தி நிறுத்தி வாசிக்கத்தக்கது. ‘முதல்’ என்ற தகுதி நூலை அலமாரியில் காக்கும். இரவு பத்து மணிக்குப் பின் வாசகனை விழித்திருக்கச் செய்யாது.

அதைவிட மோசமாகப் போனது ஒரு மலையக நாவலின் மறுபதிப்பு. ‘குடை நிழல்’ கைக்குக் கிடைக்கும் வரை படிக்கலாமென்று விலைகொடுத்து வாங்கியதால் வருத்தம் கூடுதல். பழைய பதிப்பைக் கணினியால் எழுத்தாக்கியவர்கள் மெய்ப்பைப் பார்க்கவேயில்லை போலும்; பழைய அச்சில் யானைத் துதிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்ட ‘லை’யும் ‘னை’யும் வந்த இடமெல்லாம் வேறெழுத்துகள் நின்றன, உரையாடல் எங்கே முடிகிறது என்பதும் தெரியவில்லை. நாவலின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, பாதியில் மூடிவைத்திருக்கிறேன். இத்தகைய மறுபதிப்புகளை வாங்குவோர் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து சில வரிகள் வாசித்துப் பார்ப்பது நல்லது.